திருப்பணியும் பழங்கற்படியும்



கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள திருமழபாடியில், வைத்தியநாதப் பெருமானுடைய ஸ்ரீவிமானத்தைப் புதிதாக எடுப்பிக்க வேண்டும் என்று முதலாம் ராஜராஜ சோழன் தன்னுடைய 28ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏறத்தாழ 1013இல், ஆணையிட்டான். தஞ்சையில் பெரிய கோயிலை எழுப்பி முடித்த சக்கரவர்த்தி, பழைய விமானம் ஒன்றைப் பிரித்துவிட்டுப் புதிது கட்டச் சொன்னதில் வியப்பு ஒன்றும் இல்லை. அந்த ஆணையோடு சேர்ந்து பிறந்த மற்றோர் ஆணைதான் நம்முடைய கவனத்துக்கு உரியது. சுவர்களைப் பிரிப்பதற்கு முன்னர், அவற்றில் வெட்டப்பட்டிருந்த சாசனங்களைப் புத்தகத்தில் படியெடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே அது. அரசன் மறைந்தான், மகன் ராஜேந்திரன் பட்டத்துக்கு வந்தான், சோழர் படை கங்கை வரையில் சென்று மீண்டது, அத்தனைக்கும் இடையில் அந்தப் புத்தகம் பத்திரமாக இருந்தது. ராஜேந்திரனுடைய 14ஆம் ஆட்சியாண்டில், புதிய விமானத்தின் சுவர்களில் பழைய சாசனங்கள் திரும்பவும் வெட்டப்பட்டன. இவ்வளவு விவரத்தையும் அந்தக் கோயிலின் கல்வெட்டே நமக்குத் தெரிவிக்கிறது.

புராதனக் கட்டடங்களின் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது, அது மேல்நாட்டார் நமக்குக் கற்றுக்கொடுத்த வித்தை என்றும், பழையதை இடித்துப் புதுக்குவதே நம்முடைய சம்பிரதாயம் என்றும் சிலர் சொல்லக் கேட்கிறோம். ஆகமம் ஜீரணோத்தாரணத்தை விதித்திருக்கிறது, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் நடக்க வேண்டும், ஆகையால் கோயிலைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றச் சொல்வது வழிபாட்டுக்கே விரோதம் என்பது அவர்களுடைய வாதம். மறுபுறத்திலோ, பழைய கல் ஒன்றையும் எவரும் தொடலாகாது, திருப்பணி என்ற பேச்சையே எடுக்கலாகாது என்று கூறும் அறிஞர்கள் இருக்கிறார்கள். இரு திறத்தாரும் திருமழபாடியை மறந்துவிட்டார்கள் என்பது என்னுடைய எண்ணம். புதுக்குகிற உரிமையை நம் முன்னோர் எடுத்துக்கொண்டார்கள். அந்த உரிமையோடு ஒரு கடனும் சேர்ந்திருப்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். உரிமையை மட்டும் வைத்துக்கொண்டு கடனை நாம் கைவிட்டோம். இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

திருமழபாடி தனிப்பட்ட உதாரணம் அன்று. கண்டராதித்த சோழரின் தேவியும் உத்தம சோழனின் தாயுமான செம்பியன் மாதேவியார், காவிரிக் கரையில் இருந்த பழைய செங்கல் தளிகள் பலவற்றைக் கற்றளிகளாக மாற்றிய பெருமாட்டி. திருக்கோடிகாவில் அவர் விமானத்தைக் கல்லால் எடுப்பித்தபோது, அங்கே தனித்தனியாகக் கிடந்த பழைய கற்களில் இருந்த பல்லவர் காலத்துச் சாசனங்களும் பிறவும் புதிய சுவரில் ஏறின. அவற்றை வெட்டியவர்கள் தங்கள் எழுத்தையே பழைய எழுத்தென்று காட்டிக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றும் பழங்கல்லின் படி என்று தலைப்பில் குறித்துவிட்டே வெட்டினார்கள். மூலம் எது, பிரதி எது என்பதில் பிற்காலத்தார்க்கு மயக்கம் வரலாகாது என்ற நினைப்பு அதில் தெரிகிறது. பழுது பார்த்த பகுதியை மூலப் பகுதியிலிருந்து வேறுபடுத்தி அறியும்படி செய்ய வேண்டும் என்பது பழங்கட்டடப் பாதுகாப்புக்கென்று உலக வல்லுநர்கள் வகுத்த 1964ஆம் வருஷத்து வெனிஸ் சாசனத்தின் கொள்கைகளில் ஒன்று. அதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, காவிரிக் கரையில் பெயர் தெரியாத ஒரு கல்தச்சன் உளியால் அதைச் செய்திருக்கிறான்.

ஆயினும், அக்காலத்தாரைப் புகழ்வதிலேயே நின்றுவிடுவது நியாயமாகாது. செம்பியன் மாதேவியார் எழுத்தைக் காப்பாற்றினார், கட்டடத்தைக் காப்பாற்றவில்லை. அப்பரும் சம்பந்தரும் கண்ணாரக் கண்டு பாடிய அந்தச் செங்கல் தளிகள் கற்றளிகளுக்கு இடம் கொடுத்து மறைந்தன. அவற்றின் உயரம், அவற்றின் சுதை உருவங்கள், அவற்றின் நிறம் ஆகியவற்றை இனி எந்த ஆராய்ச்சியாலும் மீட்க இயலாது. பக்தியின் மிகுதியால் நேர்ந்த நஷ்டமும் நஷ்டமே. சாசனத்தைப் படியெடுத்ததைப் போலக் கட்டடத்தையும் படியெடுக்கும் சாதனங்கள் அவர்களிடம் இல்லை, நம்மிடம் இருக்கின்றன. ஆகவே, அவர்களைக் காட்டிலும் நம்முடைய கடன் பெரிது.

மேல்நாட்டிலும் இந்தச் சண்டை சுலபமாகத் தீர்ந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து முழுவதும் பழைய மாதாகோயில்களைப் புதுப்பிக்கும் வேகம் பரவியபோது, சுவரின் மேலிருந்த பழைய காரையைச் சுரண்டி எடுத்துக் கல்லை வெளிப்படுத்துவதே அழகு என்று கட்டடக்காரர்கள் நினைத்தார்கள். சுரண்டிய காரையோடு அதன்மேல் இருந்த பழைய ஓவியங்களும் போயின. இதைக் கண்டு மனம் கொதித்த வில்லியம் மாரிஸ் 1877இல் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் சங்கத்தை நிறுவினார். சுரண்டலுக்கு எதிரான சங்கம் என்றே அதற்குப் பட்டப்பெயர் வழங்கியது. அந்தச் சிந்தனையின் வழியில் வந்தவர்தான் நம் நாட்டுத் தொல்பொருள் துறைக்கு 1902இல் தலைவரான ஜான் மார்ஷல். கர்ஸன் பிரபு 1904இல் கொண்டுவந்த புராதனச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டத்தை நடைமுறையில் நிலைநாட்டியவர் அவர். 1923இல் அவர் வெளியிட்ட பாதுகாப்புக் கையேட்டின் சாரம், புதுக்குவதைக் காட்டிலும் உள்ளதை உள்ளபடி நிறுத்திவைப்பதே மேல் என்பது. வழிபாடு ஓய்ந்து கிடந்த சாஞ்சித் தூபிகளுக்கு அது முற்றும் பொருந்தும். ஆனால், உஷத்காலத்தில் சங்கு ஊதி, அபிஷேகத் தீர்த்தம் கோமுகம் வழியாக வழிந்தோடி, ஆண்டுதோறும் தேர் ஓடுகிற ஒரு கோயிலுக்கு அந்தக் கொள்கையை அப்படியே பொருத்த முடியாது. ஜப்பானியர் தங்களுடைய ஈஸே ஆலயத்தை இருபது ஆண்டுக்கு ஒருமுறை மரத்தால் புதிதாகவே கட்டுகிறார்கள்; கடைசியாக 2013இல் கட்டினார்கள். அங்கே காப்பாற்றப்படுவது தச்சனுடைய கைத்திறன். 1994இல் அதே ஜப்பானில் நாரா நகரத்தில் கூடிய வல்லுநர்கள், மூலத்தன்மை என்பது அந்தந்த நாட்டுப் பண்பாட்டை ஒட்டியே அளக்கத்தக்கது என்று ஏற்றுக்கொண்டார்கள். ஆகையால் திருப்பணி செய்பவன் உலகத்தின் முன் குற்றவாளியாக நிற்க வேண்டியதில்லை. எதை மாற்றுகிறான், எதனால் மாற்றுகிறான், மாற்றுவதற்கு முன் எதை எழுதிவைத்தான் என்ற மூன்று கேள்விகளுக்கு மட்டும் அவன் விடை சொல்லியாக வேண்டும்.

தஞ்சைக்குச் செல்வோம். தானும் தன் தமக்கையும் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றையெல்லாம் விமானத்தின் கல்லிலே வெட்டுக என்று ராஜராஜன் வாய்மொழிந்ததன் பயனாக, பெரிய கோயிலின் சுவர் முழுவதும் ஒரு பேரேடாக நிற்கிறது. கோயில் பணிக்கு அமர்த்திய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரும், அவர்கள் குடியிருந்த தெருவும், வீட்டின் வரிசை எண்ணும் அதில் உண்டு. பிற்காலத்தில் இந்தக் கோயிலைக் கரிகாலன் கட்டியதாகத் தலபுராணம் பேசிற்று. 1886இல் சென்னை அரசாங்கத்தின் சாசன ஆராய்ச்சியாளராக வந்த ஹூல்ஷ் அந்தக் கல்வெட்டுகளைப் படித்து அச்சிட்ட பிறகே, ராஜராஜன் என்ற பெயர் ஐயத்துக்கு இடமின்றித் தமிழ் மக்களிடம் திரும்பி வந்தது. எட்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக அந்தக் கல் காத்திருந்து சாட்சி சொன்னது. இடையில் எவரேனும் அந்தச் சுவரை வழுவழுப்பாக்கியிருந்தால் சாட்சியும் போயிருக்கும்.

அந்த விமானத்தின் உள்ளே, கருவறையைச் சுற்றியுள்ள குறுகிய இருண்ட திருச்சுற்றில், 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி அவர்கள் விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தபோது, நாயக்கர் காலத்து ஓவியத்தின் காரை பெயர்ந்திருந்த இடங்களில் அடியில் வேறோர் ஓவியம் இருப்பதைக் கண்டார். சுந்தரமூர்த்தி சுவாமிகள் கயிலைக்குச் செல்லும் காட்சியும், முப்புரம் எரித்த பெருமானுடைய கோலமும், தில்லைக் கூத்தனைத் தொழும் அரச குடும்பமும் ஆகிய சோழர் ஓவியங்கள் அவ்வாறுதான் வெளிப்பட்டன. நாயக்கர் காலத்து ஓவியர்கள் பழைய சித்திரத்தின்மேல் புதிய காரையைப் பூசித் தங்கள் சித்திரத்தை எழுதியிருந்தார்கள். அவர்கள் மூடியதாலேயே கீழிருந்தது விளக்குப் புகையிலிருந்தும் மனிதர் கையிலிருந்தும் தப்பிற்று என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இங்கே பாதுகாப்பாளனுடைய மனச்சாட்சிக்கு ஒரு கடினமான சோதனை நேர்ந்தது. பதினோராம் நூற்றாண்டைக் காண வேண்டுமானால் பதினேழாம் நூற்றாண்டை அழிக்க வேண்டும். நாயக்கர் ஓவியமும் முந்நூறு ஆண்டுப் பழமை உடையது. அதை எழுதியவனும் ஒரு கலைஞனே. பின்னாளில் தொல்பொருள் துறையின் இரசாயனப் பிரிவினர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். மேலே இருந்த நாயக்கர் ஓவியத்தை, அதைத் தாங்கும் காரையோடு பகுதி பகுதியாகச் சுவரிலிருந்து பிரித்து, ஃபைபர் கிளாஸ் பலகைகளில் ஏற்றி, கோயில் வளாகத்திலேயே காட்சிக்கு வைத்தார்கள். அடியில் இருந்த சோழர் ஓவியமும் வெளிப்பட்டது. ஒரு நூற்றாண்டைக் கொன்று மற்றொன்றை வாழவைக்காமல் இரண்டுக்கும் இடம் கொடுத்த இந்தக் காரியத்தை, நம் நாட்டில் நடந்த பாதுகாப்புப் பணிகளுள் மிகச் சிறந்தவற்றில் ஒன்றாகக் கருதுகிறேன். அவசரமும் ஆடம்பரமும் இல்லாமல், ஒவ்வொரு சாண் சுவருக்கும் காலம் ஒதுக்கிச் செய்த வேலை அது.

இதற்கு நேர்மாறான காரியங்களையும் சொல்லத்தான் வேண்டும். கருங்கல் சுவரில் தலைமுறை தலைமுறையாக ஏறிய சுண்ணாம்பையும் எண்ணெய்ப் பிசுக்கையும் அகற்றுவதற்காக, காற்றழுத்தக் குழாயால் மணலை வேகமாகப் பீய்ச்சியடிக்கும் முறை நம் கோயில்களில் புகுந்தது. ஒரே நாளில் சுவர் பளிச்சென்று ஆகிவிடும், பார்ப்பவர்கள் மகிழ்வார்கள். சுண்ணாம்போடு கல்லின் மேல்தோலும் உரிந்து போயிருப்பது உடனே தெரியாது. சாசன எழுத்தின் ஆழம் பல இடங்களில் ஒரு நெல்லின் கனம்கூட இராது. மணல் பட்டவுடன் எழுத்தின் விளிம்பு மழுங்கும். சுழியும் கொம்பும் மறையும். தேவரடியார் ஒருவர் நுந்தாவிளக்குக்கு விட்ட ஆடுகளின் கணக்கு, ஒரு நொடியில் வெறும் கல்லாகிவிடும். அரசாங்கம் இம்முறையைத் தடைசெய்தது. தடைக்கு முன்னர் தேய்ந்தவை தேய்ந்தவையே. மென்மையான தூரிகை, நீர், நீர்த்த அம்மோனியா ஆகியவற்றைக் கொண்டு பொறுமையாகக் கழுவினாலே அழுக்கு நீங்கும் என்பதைத் தொல்பொருள் துறையினர் பல இடங்களில் செய்து காட்டியிருக்கிறார்கள். அதற்கு மாதங்கள் ஆகும். கும்பாபிஷேகத் தேதியோ முன்னதாகவே குறிக்கப்பட்டிருக்கும். நம்முடைய நஷ்டங்களில் பெரும்பகுதி இந்தத் தேதியினால் வந்தது.

ஒரு சிற்றூர்க் கோயிலில், அம்மன் சந்நிதியின் அதிஷ்டானத்துக் குமுதப்படையில் வரிவரியாக ஓடிய கல்வெட்டின் நடுவே துளையிட்டு ஆணியறைந்து, மின்கம்பி செல்லும் பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தியிருந்ததை நான் பார்த்தேன். நான்கு விரல் கீழே கொண்டுபோயிருந்தால் எழுத்தே இல்லாத உபபீடம். குழாயைப் பொருத்திய தொழிலாளியைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது எழுத்து என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை.

அடுத்து, சாந்து. இதைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச அனுமதி வேண்டும்; ஏனெனில், நம் பழங்கட்டடங்களின் ஆயுள் பெரும்பாலும் இதில்தான் அடங்கியிருக்கிறது. கிளிஞ்சலையோ சுக்கான் கல்லையோ காளவாயில் சுட்டு, நீர் விட்டுத் தாளித்து, பல நாள் ஊறப்போட்டு, மணல் சேர்த்து, மாடு இழுக்கும் செக்கில் கல் உருளையால் அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த நீரை அவ்வப்போது ஊற்றி, விரலால் எடுத்தால் வெண்ணெய் போல் வழுக்கும் பதத்தில் எடுப்பதே பழைய கொத்தனார்களுடைய சுண்ணாம்புச் சாந்து. அது மெதுவாக இறுகும். காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது சிறிதாக உட்கொண்டு மறுபடியும் சுண்ணாம்புக் கல்லாகவே ஆகும். இறுகிய பின்னும் ஈரத்தை உள்ளே அடைத்துவைக்காது. மழையில் நனைந்த சுவர் வெயிலில் உலரும்படி வழிவிடும். செங்கல்லைக் காட்டிலும் மென்மையாகவே இருப்பதால், கட்டடம் சற்று அசைந்தாலும் தான் நெகிழ்ந்து கல்லைக் காக்கும். சிமென்ட்டு அப்படியன்று. அது விரைவில் இறுகும். பழைய செங்கல்லைக் காட்டிலும் கடினமானது. சுவரில் நுழைந்த ஈரத்தை வெளியே விடாது. தன்னிடமுள்ள உப்பையும் கொடுக்கும். உள்ளே அகப்பட்ட நீர் செங்கல்லைக் கரைக்க, சில ஆண்டுகளில் சிமென்ட்டுப் பூச்சு மட்டும் ஓடுபோல நிற்கும். பின்னால் இருக்கும் செங்கல் பொடியாக உதிரும். கோபுரத்துச் சுதை உருவங்களுக்கு எனாமல் வர்ணம் அடிப்பதிலும் இதே தீங்கு உண்டு. சிமென்ட்டு கெட்ட பொருள் என்று நான் சொல்லவில்லை. நேற்றுக் கட்டிய வீட்டுக்கு அது உகந்தது. பதினாறாம் நூற்றாண்டுக் கோபுரத்துக்கு அது உறவன்று.

கிருஷ்ணதேவராயர் 1516இல் எழுப்பிய காளத்தி ராஜகோபுரம், 2010ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் இடிந்து தரையில் விழுந்தது. அதற்கு வெகுநாள் முன்னதாகவே அதன் உடலில் விரிசல் கண்ணுக்குத் தெரிந்திருந்தது. பெரிய கட்டடம் ஒரே நாளில் நோயுறுவதில்லை. தளத்தின் இடுக்கில் பறவை எச்சத்தோடு விழுந்த ஓர் அரசம் விதை முளைக்கும். அதை இரண்டு இலைப் பருவத்தில் ஒரு சிறுவன் கையால் பிடுங்கிவிடலாம். பத்து ஆண்டு விட்டால் வேர் செங்கல்லைப் பிளக்கும். பிறகு அதை அகற்றுவதற்குக் கோபுரத்தையே பிரிக்க நேரும். திருநாவுக்கரசர் கையில் உழவாரத்தோடு ஊர் ஊராகச் சென்று கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கினார் என்பதைப் பக்திச் சரித்திரமாக மட்டும் நாம் படிக்கிறோம். கட்டடப் பாதுகாப்பின் முதல் விதியும் அதுவே. லட்சக்கணக்கில் செலவிட்டுப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுக்குவதைவிட, மாதந்தோறும் ஓர் ஆளை ஏற்றி வடிகால் தூம்பின் அடைப்பை எடுத்து முளைத்ததைப் பிடுங்குவது மேலான கைங்கரியம். அதைச் செய்பவர்க்குக் கல்வெட்டும் இல்லை, பொன்னாடையும் இல்லை என்பதனாலேயே அது நடப்பதில்லை.

கடல்மல்லைக் கரைக் கோயிலில் இந்தத் தொடர்ந்த கவனிப்பு எத்தகையது என்பதைக் காணலாம். ராஜசிம்ம பல்லவன் எடுப்பித்த அந்தக் கற்றளியின்மேல் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக உப்புக் காற்று வீசுகிறது. ஈரத்தோடு கல்லின் நுண்துளைகளில் புகுந்த உப்பு, ஈரம் உலர்ந்ததும் படிகமாகத் திரண்டு, கல்லின் துகள்களை உள்ளிருந்தே தள்ளி உதிர்க்கிறது. அலையைத் தடுக்கக் கற்களை அடுக்கினார்கள். காற்றைத் தடுக்கச் சவுக்குத் தோப்பு வைத்தார்கள். கல்லுக்குள் சென்ற உப்பை எடுப்பதற்கு, நல்ல நீரில் ஊறிய காகிதக் கூழைச் சிற்பத்தின் மேல் அப்பி உலரவிட்டு, உலரும்போது உப்பு கூழுக்கு வந்து சேர்ந்ததும் உரித்தெடுக்கிறார்கள். சில காலம் கழித்துத் திரும்பவும் அப்ப வேண்டும். கடல் இருக்கும் வரையில் இந்த வேலைக்கு முடிவு இல்லை.

சட்டங்கள் நம்மிடம் குறைவில்லை. பொதுக் கட்டடங்களைக் கவனிக்கச் சென்னை மாகாணத்தில் 1817லேயே ஒரு ரெகுலேஷன் இருந்தது. 1958இல் மத்திய சட்டமும் 1966இல் தமிழ்நாட்டுச் சட்டமும் வந்தன. 2021 ஜூன் மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றம் கோயில்களையும் புராதனச் சின்னங்களையும் காப்பது குறித்து 75 கட்டளைகளைப் பிறப்பித்தது. ஆயினும் மத்தியத் தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் இருக்கும் சின்னங்கள் தமிழ்நாட்டில் சுமார் 400. அறநிலையத் துறையின் கீழுள்ள கோயில்களோ 36,000த்துக்கும் மேல். எந்தத் துறையும் அத்தனை கோயில்களுக்கும் ஒவ்வொரு வல்லுநரை அனுப்ப இயலாது. ஊரார்தான் காக்க வேண்டும். ஊரார்க்குத் தெரிந்த முறையில்தான் காக்க முடியும்.

ஆதலால் என்னுடைய யோசனை மிக எளிமையானது. திருப்பணி தொடங்கும் ஒவ்வொரு கோயிலிலும், பாலாலயம் செய்து மூர்த்திகளை எழுந்தருளச் செய்த நாளுக்கும் சாரம் கட்டும் நாளுக்கும் இடையில், ஒரு புத்தகம் எழுதப்பட வேண்டும். கட்டடத்தின் அளவுகள், நான்கு புறத்துப் படங்கள், சுதைகளின் அன்றைய நிறம், விரிசல்கள் இருக்கும் இடம், பழைய சாந்து எதனால் ஆனது என்ற குறிப்பு, கல்வெட்டுகளின் மசிப்படி ஆகியவை அதில் அடங்க வேண்டும். மசிப்படி எடுப்பது அருமையான வித்தை அன்று: சுவரைக் கழுவி, நனைந்த காகிதத்தை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் காகிதத்தை இறக்கி, சற்று உலர்ந்ததும் துணிப்பந்தால் மையை ஒற்றினால், எழுத்து வெள்ளையாகவும் சுற்றிலும் கறுப்பாகவும் விழும். உள்ளூர்ப் பள்ளி மாணவர் நால்வர்க்கு ஒரு நாளில் கற்பித்துவிடலாம். கல் அழிந்து படி மட்டும் எஞ்சிய சாசனங்கள் எத்தனையோ உண்டு. முன்னொரு தலைமுறையில் சம்பளம் வாங்கிக்கொண்டு ஊர் ஊராக மாட்டுவண்டியில் சென்ற சாசன இலாகா ஊழியர்கள் எடுத்துவைத்த காகிதங்களே இன்று அவற்றுக்கு ஆதாரம்.

இதனால் கும்பாபிஷேகம் தாமதமாகும் என்று தர்மகர்த்தாக்கள் கூறுவார்கள். மூன்று மாதம் தாமதமாகலாம். பதினோராம் நூற்றாண்டில் திருமழபாடிக் கோயிலின் சாசனங்கள் புத்தகத்திலிருந்து மறுபடி கல்லேறப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயின; சோழ ராஜ்யத்தில் எவரும் அதற்காக அவசரப்பட்டதாகச் செய்தி இல்லை. செலவு அதிகம் என்பார்கள். வாணவேடிக்கைக்கும் வரவேற்பு வளைவுக்கும் ஆகும் தொகையில் ஒரு பங்கு போதும். புத்தகத்தின் ஒரு பிரதி கோயில் அலுவலகத்தில் எவரும் கேட்டுப் பார்க்கும்படி இருக்க வேண்டும், மற்றொன்று மாவட்ட நூலகத்துக்குச் செல்ல வேண்டும்.

இதற்கு வேண்டிய ஆட்களை உண்டாக்குவதும் கடினம் அன்று. மாமல்லபுரத்தில் 1957 முதல் அரசாங்கத்தின் சிற்பக் கல்லூரி இருக்கிறது; அங்கே மானாங்குல அளவும் தியான சுலோகமும் கற்று வரும் இளம் ஸ்தபதிகளுக்கு, மசிப்படி எடுக்கவும், பழைய சாந்தைப் பொடித்துப் பார்த்து அதற்கு இணையானதை அரைக்கவும், ஓராண்டுப் பயிற்சியைப் பாடத்திட்டத்தில் சேர்க்கலாம். அவ்வாறு பயின்ற ஸ்தபதியின் கையொப்பம் அந்தப் புத்தகத்தின் கடைசி ஏட்டில் இல்லாமல் திருப்பணிக்கு உரிய முதல் தவணைப் பணம் வழங்கப்படலாகாது என்று ஒரு விதி செய்துவிட்டால், மற்றவை தாமாகவே நடக்கும். இந்தச் சபையில் தர்மகர்த்தாக்களும் ஸ்தபதிகளும் ஆசிரியர்களும் இருக்கிறீர்கள். அடுத்த தை மாதத்தில் எந்தெந்த ஊரில் பாலாலயம் நடக்கவிருக்கிறது என்பதை என்னிடம் தெரிவித்தால், முதல் புத்தகத்தை எழுதுவதற்கு நானும் என் மாணவர்களும் அங்கே வந்து உடனிருந்து உதவ ஆயத்தமாக இருக்கிறோம்.